ஒரு கிணறு, மூன்று கணக்கு: பயிர் குடிக்கும் தண்ணீருக்கு எது சரியான படி?

பல்லடம் வட்டாரத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான ஒரு கிணறு. அண்ணனுக்கு ஒரு ஏக்கர் வாழை. தம்பிக்கு ஒரு ஏக்கர் தக்காளி. இரண்டுக்கும் சொட்டுநீர்ப் பாசனம்தான். கோடையில் அந்தக் கிணறு ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் மோட்டார் ஓடத் தாங்குவதில்லை. அதைப் பங்கு போடுவதில்தான் பிரச்னை.

“அண்ணா, எனக்கு ரெண்டு மணி இருபது நிமிசம் வேணுங்க. டிரிப் போட்டுக் கொடுத்தவங்க எழுதிக் கொடுத்த கணக்கு அதுதானுங்க” என்கிறார் தம்பி.

“அப்ப என் வாழைக்கு என்ன மிச்சம் தம்பி? குலை தள்ற நேரம். இப்ப தண்ணி குறைஞ்சா காய் பருக்குமா?” என்கிறார் அண்ணன்.

தம்பி மகன் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து பார்த்தான். அது தக்காளிக்கு 2 மணி 5 நிமிடம் என்றது. அண்ணன் ஒரு பயிற்சி வகுப்பில் வாங்கி வைத்திருந்த தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். அதில் 1 மணி 45 நிமிடம் என்று வந்தது. ஒரே வயல், ஒரே பயிர், ஒரே நாள். ஆனால், மூன்று கணக்கு. 'இதில் எது சரி? எதை நம்பி முறை போடுவது?' என்று கேட்டு எழுதியிருக்கிறார் அண்ணன்.

இந்தக் கேள்வி இவர்கள் வீட்டுக் கேள்வி மட்டும் இல்லை. சொட்டுநீர் போட்ட ஒவ்வொரு விவசாயிக்கும் வரும் கேள்வி. அதனால் விரிவாகவே பார்க்கலாம்.

பயிர் இழக்கும் தண்ணீர்

வயலுக்குக் கொடுக்கும் தண்ணீர் இரண்டு வழிகளில் காற்றில் போகிறது. ஈர மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாவது ஒன்று. வேர் உறிஞ்சிய தண்ணீர் இலைத் துளைகள் வழியாக ஆவியாவது மற்றொன்று. செடி சின்னதாக இருக்கும்போது மண்ணிலிருந்து போவது அதிகம். இலை பரவி நிலத்தை மூடிய பிறகு இலை வழியாகப் போவதே அதிகம். இரண்டையும் சேர்த்துத்தான் பயிரின் நீர் இழப்பு என்று சொல்கிறோம். இழந்ததை ஈடு செய்வதுதான் பாசனம். இழந்ததற்கு மேல் கொடுத்தால் தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கி, போட்ட உரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

இந்த இழப்பை மழையை அளப்பதுபோல மில்லி மீட்டரில் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்ற கணக்கெல்லாம் பெருக்கல், வகுத்தல்தான்.

ஊருக்கு ஒரு வள்ளம்

முன்பு கொங்குப் பகுதியில் தானியத்தை வள்ளத்தால் அளந்தார்கள். தஞ்சைப் பக்கம் மரக்கால். ஓர் ஊர் மரக்கால் பக்கத்து ஊர் மரக்காலுக்குச் சமமாக இருக்காது. 'பத்து மரக்கால் நெல்' என்று சொன்னால், எந்த ஊர் மரக்கால் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் பேரம் பேசினால் யாராவது ஒருவருக்கு நட்டம். கிலோவும் லிட்டரும் வந்த பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

பயிர் நீர் இழப்பிலும் இதே கதைதான். பயிருக்குப் பயிர், நாளுக்கு நாள் இழப்பு மாறும். எல்லாப் பயிரையும் எல்லா ஊரிலும் அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால் கணக்கை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில், ஏதாவது ஒரு பொதுவான பரப்பு அன்றைய வெயிலுக்கும் காற்றுக்கும் எவ்வளவு இழக்கும் என்று பார்ப்பது. இது அடிப்படை நீர் இழப்பு. பிறகு, நம் பயிர் அதில் எத்தனை பங்கு இழக்கும் என்று ஒரு எண்ணால் பெருக்குவது. இந்த எண்ணுக்குப் பயிர்க் குணகம் என்று பெயர்.

அடிப்படை நீர் இழப்பு × பயிர்க் குணகம் = பயிரின் நீர் இழப்பு.

இந்த 'பொதுவான பரப்பு' எது என்பதில்தான் சிக்கல். நடைமுறையில் மூன்று வகை இருக்கின்றன.

ஒன்று, குட்டையான பச்சைப் புல். இதன் இழப்பை ஈ.டி.ஓ. என்று எழுதுவார்கள். இரண்டாவது, அரை மீட்டர் உயரம் வளர்ந்த குதிரை மசால். இது புல்லைவிட உயரம், இலையும் அதிகம். அதனால் இழப்பும் அதிகம். இதை ஈ.டி.ஆர். என்று எழுதுவார்கள். மூன்றாவது, வானிலை நிலையங்களில் வைத்திருக்கும் ஆவிமானித் தொட்டி. சுமார் 120 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள வட்டத் தொட்டி. அதில் தண்ணீர் ஒரு நாளில் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பார்ப்பார்கள்.

மூன்றும் மூன்று மரக்கால்கள். எந்த மரக்காலில் அளந்தார்களோ, அதற்கென்று செய்த குணகத்தால்தான் பெருக்க வேண்டும். ஒன்றின் அளவை எடுத்து இன்னொன்றின் குணகத்தால் பெருக்கினால் கணக்கு தப்பும். அண்ணன் தம்பி வீட்டில் நடந்தது இதுதான்.

உலகமே பட்ட குழப்பம்

இந்தக் குழப்பத்தில் விஞ்ஞானிகளும் நாற்பது, ஐம்பது வருடம் இருந்தார்கள். 1948-ம் ஆண்டு இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹோவர்ட் பென்மன், வெயிலின் சக்தியையும் காற்றின் உலர்த்தும் சக்தியையும் சேர்த்து ஒரு சூத்திரம் கொடுத்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் தார்ன்த்வெயிட் வெப்பநிலையை முக்கியமாக வைத்து வேறொரு சூத்திரம் வெளியிட்டார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பிளேனி-கிரிடில் என்ற முறை புழக்கத்தில் இருந்தது. 1965-ல் ஜான் மான்டீத், இலைத் துளைகள் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் தன்மையையும் பென்மன் சூத்திரத்தில் சேர்த்தார்.

1970-களில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு விவசாயத் துறையினருக்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதில் நான்கு முறைகள் இருந்தன. வானிலைத் தகவல் எவ்வளவு கிடைக்கிறதோ அதற்கேற்ப ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னது. உலகம் முழுவதும் அந்தக் கையேட்டைப் பயன்படுத்தினார்கள். ஆனால், நான்கு முறையும் ஒரே விடை தரவில்லை. சில இடங்களில் தேவைக்கு மேல் காட்டியது. ஒரே அணையின் ஆயக்கட்டுக்கு இரண்டு பொறியாளர்கள் கணக்குப் போட்டால் இரண்டு விடை வரும் நிலை.

இதைத் தீர்க்க 1990 மே மாதம் ரோம் நகரில் வல்லுநர்கள் கூடினார்கள். உணவு வேளாண்மை அமைப்புடன் பன்னாட்டுப் பாசன வடிகால் ஆணையமும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்துகொண்டன. இனி ஒரே சூத்திரம், அது பென்மன்-மான்டீத் என்று பரிந்துரைத்தார்கள். 1998-ல் அது 56-ம் எண் கையேடாக வெளிவந்தது. ஆலன், பெரேரா, ரேஸ், ஸ்மித் என்ற நால்வர் எழுதியது.

அதில் அவர்கள் செய்த முக்கியமான வேலை, 'புல்' என்றால் என்ன என்று திட்டமாகச் சொன்னதுதான். 12 செ.மீ. உயரம், நிலத்தை முழுவதும் மூடியிருக்க வேண்டும், தண்ணீர்க் குறைவு இருக்கக் கூடாது, விழும் வெயிலில் 23 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இப்படி ஒரு கற்பனைப் புல்தரை. எந்த ஊர் அருகம்புல்லும் இல்லை, எந்த நாட்டுப் புல்லும் இல்லை. கிலோ எடைக்கல் மாதிரி எங்கேயும் மாறாத ஒரு அளவு.

அமெரிக்காவிலும் இதே பிரச்னை இருந்தது. கலிபோர்னியாவில் புல்லை வைத்துக் கணக்கிட்டார்கள். ஐடஹோ பக்கம் குதிரை மசாலை வைத்துக் கணக்கிட்டார்கள். 1999-ல் அந்த நாட்டுப் பாசனத் துறைச் சங்கம், 'எங்களுக்கு ஒரே முறையை முடிவு செய்து கொடுங்கள்' என்று சிவில் பொறியாளர் சங்கத்திடம் கேட்டது. 2005-ல் வெளியான பொதுமுறையில் ஒரே சூத்திரம், ஆனால் இரண்டு பரப்பு. குட்டைப் பயிர் 12 செ.மீ., நெட்டைப் பயிர் 50 செ.மீ. எதை எடுத்தாலும் அதன் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

இந்தியாவில் இப்போது பெரும்பாலும் புல் அடிப்படையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், தொட்டி அளவை வைத்துச் செய்த பழைய அட்டவணைகளும் புழக்கத்தில் உள்ளன. வெளிநாட்டில் தயாரான செயலிகளில் குதிரை மசால் கணக்கும் வருகிறது. எல்லாமே விவசாயி கையில் 'மி.மீ.' என்ற ஒரே பெயரில் வந்து சேருவதால் வித்தியாசம் தெரிவதில்லை.

தக்காளிக் கணக்கு

இப்போது தம்பி வயலுக்கு வரலாம். மே மாதத்தில் ஒரு நாள் அடிப்படை நீர் இழப்பு, புல் கணக்கில் 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே நாளில் குதிரை மசால் கணக்கில் அது 7.2 மி.மீ. ஆகலாம். ஆவிமானித் தொட்டியில் 8 மி.மீ. இறங்கியிருக்கலாம். மூன்றும் தவறில்லை. மூன்றும் ஒரே வெயிலைத்தான் சொல்கின்றன.

செடி நிலத்தை மூடி, பூவும் காயுமாக நிற்கும் தக்காளிக்கு 56-ம் எண் கையேடு தரும் குணகம் 1.15. இது புல்லுக்கு மட்டுமே உரிய குணகம்.

சரியான கணக்கு: 6 × 1.15 = 6.9 மி.மீ. ஏக்கருக்கு 27,600 லிட்டர்.

குதிரை மசால் அளவை அதே 1.15-ஆல் பெருக்கினால்: 7.2 × 1.15 = 8.3 மி.மீ. ஏக்கருக்கு ஏறத்தாழ 33,000 லிட்டர்.

தொட்டி அளவை அப்படியே 1.15-ஆல் பெருக்கினால்: 8 × 1.15 = 9.2 மி.மீ. ஏக்கருக்கு 36,800 லிட்டர்.

லேட்டரல் குழாய்களுக்கு இடையே 1.5 மீட்டர், டிரிப்பர்களுக்கு இடையே 60 செ.மீ., மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால், ஒரு டிரிப்பருக்கு 0.9 சதுர மீட்டர் நிலம். அதாவது ஒரு மணி நேரம் ஓடினால் 4.4 மி.மீ. தண்ணீர். சொட்டுநீரில் 90 சதவிகிதம் வேருக்குப் போய்ச் சேருகிறது என்று எடுத்துக்கொண்டால், முதல் கணக்குக்கு 1 மணி 45 நிமிடம். இரண்டாவதற்கு 2 மணி 5 நிமிடம். மூன்றாவதற்கு 2 மணி 20 நிமிடம். அந்த வீட்டில் வந்த மூன்று எண்களும் இவைதான்.

தொட்டி அளவை வைத்துக் கணக்கிடுவது தவறில்லை. ஆனால், தொட்டியில் உள்ள தண்ணீர் புல்லைவிட வேகமாக ஆவியாகும். அதனால் முதலில் தொட்டிக் குணகத்தால் பெருக்கி, புல் கணக்குக்கு மாற்ற வேண்டும். இந்த உதாரணத்தில் அது 0.75. 8 × 0.75 = 6. அந்த ஒரு படியை விட்டுவிட்டதால்தான் தினமும் 9,200 லிட்டர் கூடுதலாகக் கணக்கு வந்தது. செயலியின் கணக்கில், குதிரை மசால் அளவோடு புல்லுக்கான குணகத்தைச் சேர்த்ததுதான் பிழை.

வாழைக் கணக்கு

அண்ணன் வாழை 6 அடிக்கு 6 அடி. ஒரு மரத்துக்கு ஏறத்தாழ 3.34 சதுர மீட்டர். முதல் ஆண்டு நடவில், வளர்ந்து நிற்கும் வாழைக்குப் புல் அடிப்படையில் குணகம் 1.1.

6 × 1.1 = 6.6 மி.மீ. மரம் ஒன்றுக்கு 22 லிட்டர். 90 சதவிகிதக் கணக்கில் 24.5 லிட்டர் விட வேண்டும். மரத்துக்கு மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் நான்கு இருந்தால் 16 லிட்டர். ஆக, ஒன்றரை மணி நேரம்.

தம்பி 2 மணி 20 நிமிடம் ஓட்டினால் அண்ணனுக்கு மிஞ்சுவது 1 மணி 10 நிமிடம். ஒவ்வொரு மரத்துக்கும் தினமும் நாலு லிட்டருக்கு மேல் குறையும். குலை தள்ளும் நேரத்தில் இப்படி ஒரு மாதம் நடந்தால் காய் சிறுக்கும், தார் எடை இறங்கும். தம்பி 1 மணி 45 நிமிடம் ஓட்டினால் மீதியும் 1 மணி 45 நிமிடம். இரண்டு பயிருக்கும் போதும், கால் மணி நேரம் மிச்சமும் இருக்கும். கிணற்றில் தண்ணீர் கூடவில்லை. கணக்குதான் ஒழுங்கானது.

ஆடிக் காற்றும் கணக்கில் வரும்

'வெயில் குறைந்தால் தண்ணீரைக் குறைக்கலாம்' என்று நினைப்பது வழக்கம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் இது எப்போதும் சரிவராது. ஆனி, ஆடியில் வெப்பம் குறையும். ஆனால், காற்று இலையைச் சுற்றி இருக்கும் ஈரத்தை அடித்துக்கொண்டு போய்விடும்.

பென்மன்-மான்டீத் சூத்திரம் வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்று வேகம், வெயில் என்று நான்கையும் எடுத்துக்கொள்கிறது. அதிகபட்ச வெப்பம் 32, குறைந்தபட்சம் 23 டிகிரி, ஈரப்பதம் 65 சதவிகிதம், மேகமும் வெயிலும் கலந்த நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், காற்று நொடிக்கு 1 மீட்டர் வீசும்போது அடிப்படை நீர் இழப்பு ஏறத்தாழ 4.2 மி.மீ. காற்று மட்டும் நொடிக்கு 4 மீட்டர் ஆனால், ஏறத்தாழ 5.5 மி.மீ. வெப்பநிலையை மட்டும் வைத்துப் போடும் எளிய சூத்திரத்தில் இரண்டு நாளுக்கும் ஒரே விடை, சுமார் 4.8 மி.மீ. காற்று நாளில் அதை நம்பினால் தக்காளிக்கு ஏக்கருக்கு 3,000 லிட்டருக்கு மேல் குறைவாகப் போகும். காற்றில்லாத நாளில் கூடுதலாகப் போகும்.

தவறான கணக்கு எப்போதும் கூடுதலாகவே காட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சில நேரம் பயிரை வாட விடுகிற கணக்காகவும் அமையும்.

அளக்கும் இடமும் முக்கியம்

சூத்திரம் ஒன்றானாலும் அதில் போடும் எண் சரியாக இருக்க வேண்டும். மூன்று இடங்களில் தவறு நடக்கிறது.

முதலாவது, காற்று. சூத்திரத்துக்குத் தேவை தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் வீசும் காற்று. பொதுவான வானிலை அறிவிப்பில் வருவது 10 மீட்டர் உயரக் காற்று. உயரத்தில் காற்று வேகம் அதிகம். அதனால் 10 மீட்டர் அளவை 0.75-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அறிவிப்பில் மணிக்கு 20 கி.மீ. என்றால் நொடிக்கு 5.6 மீட்டர். 2 மீட்டர் உயரத்தில் அது 4.2 மீட்டர்தான்.

இரண்டாவது, கருவி இருக்கும் இடம். பசுமையான தரைமேல் இருக்க வேண்டிய தானியங்கி வானிலைக் கருவியைச் சில இடங்களில் மொட்டை மாடியிலும் சிமென்ட் களத்திலும் வைத்துவிடுகிறார்கள். அங்கே சூடு அதிகம், ஈரம் குறைவு. கணக்கு கூடுதலாகவே வரும்.

மூன்றாவது, தொட்டி. பச்சைப் புல் நடுவே இருக்கும் தொட்டிக்கும் காய்ந்த தரிசில் இருக்கும் தொட்டிக்கும் குணகம் வேறு. சுற்றுப்புறம், காற்று, ஈரப்பதம் பொறுத்து அது 0.35-லிருந்து 0.85 வரை மாறும். காக்கை, நாய் வாய் வைக்காமலிருக்கத் தொட்டிமேல் கம்பி வலை போட்டிருந்தால், ஆவியாவது 10 சதவிகிதம் வரை குறையும். இதையும் கவனிக்க வேண்டும்.

விவசாயி செய்ய வேண்டியது

1. எந்த அட்டவணை, செயலி, துண்டுத்தாள் கையில் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது புல் கணக்கா, குதிரை மசால் கணக்கா, தொட்டிக் கணக்கா? பதில் கிடைக்காத எண்ணைப் பயன்படுத்த வேண்டாம்.

2. குணகமும் அதே அடிப்படையில் செய்ததுதானா என்று பார்க்க வேண்டும். அளவு ஓரிடத்தில், குணகம் வேறிடத்தில் எடுக்கக் கூடாது.

3. பயிரின் வயதுக்கேற்ற குணகம் எடுக்க வேண்டும். புல் அடிப்படையில், செடி நிலத்தை மூடிய பருவத்துக்கு: தக்காளி 1.15, மிளகாய் 1.05, வெங்காயம் 1.05, நிலக்கடலை 1.15, மக்காச்சோளம் 1.20, கரும்பு 1.25, பருத்தி 1.15 முதல் 1.20. நட்ட தொடக்கத்தில் இதைவிட மிகக் குறைவு. தக்காளிக்கு 0.6, நிலக்கடலை, கரும்பு இரண்டுக்கும் 0.4. தொடக்கத்திலேயே காய்ப்புக் காலத் தண்ணீரை விடுவது வீண்.

4. டிரிப்பரில் உண்மையில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு டம்ளரைப் பிடித்து 6 நிமிடம் வைத்தால், 4 லிட்டர் டிரிப்பரில் 400 மி.லி. வர வேண்டும். வரப்பின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பிடித்துப் பார்க்கலாம். கடைக்கோடியில் குறைந்தால் அடைப்பையும் அழுத்தத்தையும் முதலில் சரி செய்ய வேண்டும்.

5. வாரம் ஒரு முறை மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டும். வேர் இருக்கும் ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினால் உருண்டை பிடிக்க வேண்டும். கையில் தண்ணீர் ஒட்டி வழிந்தால் கூடுதல். உதிர்ந்தால் குறைவு. கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசி சாட்சி மண்தான்.

அன்றன்றைய அடிப்படை நீர் இழப்பைத் தெரிந்துகொள்ள, அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், ஆராய்ச்சி நிலையம் அல்லது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். கேட்கும்போது 'ஈ.டி.ஓ. எவ்வளவு?' என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். 'ஆவியாதல் எவ்வளவு?' என்று கேட்டால் தொட்டி அளவைச் சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

இதையொட்டிய மற்ற கேள்விகள்

*மூடாக்கு ஷீட் போட்ட வயலுக்கும் இதே குணகமா?*

இல்லை. பிளாஸ்டிக் மூடாக்கு மண்ணிலிருந்து ஆவியாவதைப் பெரிதும் தடுத்துவிடும். காய்கறிப் பயிர்களில் குணகம் 10 முதல் 30 சதவிகிதம் வரை குறையும் என்று 56-ம் எண் கையேடு சொல்கிறது. முதலில் 10 சதவிகிதம் குறைத்து, மண்ணைப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது பாதுகாப்பு.

*சின்னத் தூறலைத் தண்ணீர்க் கணக்கில் கழிக்கலாமா?*

அன்றைய அடிப்படை நீர் இழப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூறல் மேலோடு மேலாகவே ஆவியாகிவிடும். 6 மி.மீ. நாளில் 1.2 மி.மீ.க்குக் குறைந்த தூறலைக் கழிக்க வேண்டாம். அதற்கு மேல் பெய்தால் கழித்துக்கொள்ளலாம். பெருமழையில் வழிந்தோடியது போக, வேர்ப்பகுதியில் நின்றதை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். வாசலில் ஒரு மழைமானி வைத்துக்கொள்வது நல்லது.

*நெல்லுக்கு இந்தக் கணக்குப் பொருந்துமா?*

பாதி பொருந்தும். நெற்பயிரின் குணகம் வளர்ந்த பருவத்தில் 1.20. 6 மி.மீ. நாளில் 7.2 மி.மீ. காற்றில் போகும். ஆனால், தண்ணீர் நிற்கும் வயலில் கீழே ஊறி இறங்குவதும் உண்டு. களிமண்ணில் அது குறைவு, மணல் கலந்த நிலத்தில் மிக அதிகம். அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நன்றாகச் சேறடித்து வரப்பைப் பூசினால் இந்த இழப்பு குறையும்.

மோட்டார் அறைச் சுவர்

பல்லடம் அண்ணன் தம்பிக்கு இனி வேண்டியது ஒரே ஒரு ஏற்பாடு. இரண்டு பேரும் ஒரே இடத்திலிருந்து ஒரே புல் கணக்கு அளவை வாங்கிக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு முறை அதை மோட்டார் அறைச் சுவரில் எழுதி, பக்கத்தில் தக்காளிக்கு எத்தனை நிமிடம், வாழைக்கு எத்தனை நிமிடம் என்று இரண்டு பேருக்கும் தெரிய எழுதிவிடலாம். வெயில் கூடினால் இரண்டு நேரமும் சேர்ந்து கூடும். குறைந்தால் சேர்ந்து குறையும். கிணற்றில் தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டால், இரண்டு பேரும் ஒரே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம். அல்லது, அந்த நேரத்தில் தண்ணீர் மிகவும் தேவைப்படும் பயிருக்கு முதலில் விடலாம்.

மரக்கால் ஒன்றானால் பேரத்தில் சண்டை இல்லை. பங்காளிக் கிணற்றுக்கும் அதேதான்.